வெண்மேகம் போட்ட இதயங்கள்

தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்கடை அக்கா. கண்ணாடியை வெட்டுவது கணவர். விளிம்பை உரசி, கையைக் கிழிக்காதபடி வழவழப்பாக்குவது அவள். சுவரோரம் சாய்த்து வைத்த கண்ணாடிகளில், மேகங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். பார்த்தபடி அவளும் கொஞ்சம் மிதப்பாள்.

அப்படி மிதந்த ஒரு மதியத்தில்தான் அந்த யோசனை வந்தது. பதினாலு வயது மகள் இன்ஸ்டாகிராமில் போடும் படங்களை யாரும் சீண்டுவதில்லை. பிள்ளை அரை வயிற்றோடு தட்டைத் தள்ளிவிடுகிறாள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? ‘வெண்மேகம்’ என்ற பொய்ப் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, மகளின் படங்களுக்கெல்லாம் இதயம் போட்டாள்.

மகள் பூத்தாள். வெண்மேகம் என்று ஒரு தோழி கிடைத்திருக்கிறாள் என அம்மாவிடமே சொல்லிச் சிரித்தாள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போகப் போக, மகள் செயலியில் திருத்திப் போட்ட படங்களில் மூக்கு மெலிந்தது. நிறம் வெளுத்தது. இது என் பெண்ணே இல்லையே என்று பட்டது. ஆனாலும் நிறுத்தினால் வாடிவிடுவாளே என்று, அவற்றுக்கும் இதயம் போட்டாள்.

திடீரென்று மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். அறைக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போர்வைக்குள் கிடந்தாள். அப்பா கெஞ்சியும் அசையவில்லை. அம்மா தலையை வருடி விசாரித்தபோது விம்மல்தான் முதலில் வந்தது.

“வெண்மேகம் நேர்ல பாக்கணும்னு சொன்னா என்னம்மா பண்றது? அவ மனசுல இருக்கறது அந்தப் படத்து மூஞ்சிதான், இது இல்ல. ஸ்கூல்ல யாராவது என்னைப் படம் எடுத்துப் போட்டாக்கூடப் பாத்துடுவா. பாத்தா போயிடுவா.”

“போகமாட்டாடி. நீ பொறந்தப்பவே பாத்தவ அவ.”

தன் போனில் வெண்மேகத்தின் கணக்கைத் திறந்து மகளின் கையில் வைத்தாள். மகள் பார்த்தாள். நம்பாமல் மறுபடி பார்த்தாள்.

“அப்போ ஒருத்தர்கூட இல்லையாம்மா?”

அம்மா அவள் கன்னத்தைத் தொடப் போனாள். மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“முதல்ல போட்டதைக் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுன்னு விட்டுடலாம். அந்த மெலிஞ்ச மூக்குக்கும் ஏன் போட்டே? உனக்கும் என் மூக்கு பிடிக்கலையா?”

“அந்த மூக்கு யாரோடதுன்னே எனக்குத் தெரியாதுடி. நீ ரெண்டு வாய் சாப்பிடணுமேன்னு போட்டேன், தப்புதான். இந்த மூக்கை முத்தம் கொடுத்துக் கொடுத்தே சப்பையாக்கினது நான்தானே.”

அழுகைக்கு நடுவே மகளுக்குச் சிரிப்பு முட்டியது. அதைக் காட்டாமல் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு அம்மாவோடு பேச்சில்லை. வேண்டியதை அப்பா வழியாகக் கேட்டாள். ஆனால் தட்டு காலியாகியே திரும்பியது.

ஒரு மாலை, சீப்போடு வந்து அம்மாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

“பின்னி விடு. அந்த வெண்மேகத்தை அழிச்சிடு. கோபம் இன்னும் போகல, சொல்லிட்டேன். காலைல எழுப்பு, ஸ்கூல் போகணும்.”