தார்ப்பாய்க்குள் ஒரு ஏ.சி.

என் கணவர் கத்தாரில் பெரிய கட்டடங்களின் ஏ.சி.களைப் பராமரிக்கிறார். தருமபுரத்தில் எங்கள் வீட்டு ஏ.சி.யோ அவர் லீவில் வரும் ஒரு மாதம்தான் ஓடும். அவர் இல்லாதபோது எதற்குக் குளிர்ச்சி என்று நானும் மகளும் அதைத் தொடுவதே இல்லை. கடற்காற்றின் உப்பில் துருப்பிடித்துவிடுமோ என்று, மாடியிலிருக்கும் வெளி யூனிட்டைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டியும் வைத்திருந்தேன்.

போன முறை அவர் திருச்சியில் இறங்கி ஊரை நெருங்கிவிட்டதாகச் சொன்னதும், நுழையும்போதே அறை ஜில்லென்று இருக்கட்டும் என்று ஏ.சி.யைப் போட்டேன். தார்ப்பாயைச் சுத்தமாக மறந்துவிட்டேன். சற்று நேரத்தில், “உம்மா, கருகுற வாடை வருது!” என்று கத்திய மகள் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். மாடியில் தார்ப்பாய்க்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

வந்தவர் சட்டைகூட மாற்றாமல் யூனிட்டைக் கழற்றினார். “காத்து போக வழியில்லன்னா சூடேறி வயர் கருகத்தான் செய்யும். மூடி வச்சா ஈரம் உள்ளயே நின்னு துருவும் சீக்கிரம் ஏறும். அப்பப்ப ஓட விடு.”

“நீங்க இல்லாம யாருக்கு ஓட விடுறது?” என்றேன். அவர் ஸ்க்ரூவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அவர் சரிசெய்து தந்த யூனிட்டை இப்போது மூடுவதில்லை. மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிக் காயவிடுகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அரைமணி நேரம் ஓடவிட்டு, கத்தாரிலிருக்கும் அவரை அழைத்துப் போனை யூனிட் அருகே பிடிப்பேன். சத்தத்தை ஒரு நிமிடம் கேட்டாலே அவருக்குப் பழுது தெரிந்துவிடும். ஆனாலும் அரைமணி நேரமும் கேட்கிறார்.