சாட்டு வாரத்தில் கோத்த மாலை

மாடியில் குடியிருக்கும் பெண் போன வாரம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு இறங்கி வந்தாள். டப்பாவுக்குள் பித்தளை நிறத்தில் பொடிப்பொடியாக யானை, சாவி, நட்சத்திரம், பூனை. "சார்ம் நெக்லஸ் ஆன்ட்டி. வீட்லயே பண்ணிடலாமாம், வீடியோல பாத்தேன். நூல்தான் உள்ள போக மாட்டேங்குது" என்றாள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிற பெண். ஒரு நூலிடம் தோற்றுப் போய் வந்து நிற்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தியை எடுத்து நூலில் இரண்டு இழுப்பு இழுத்து, நுனியைத் திருகிக் கொடுத்தேன். சட்டென்று நுழைந்துவிட்டது. அவள் போன பிறகும் விரலில் மெழுகு வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது, சோறு பிசையும்போதுகூட வந்தது.

அந்தக் காலத்தில் ஊரில் நாங்கள் நூலில் தேய்த்தது தேன்மெழுகு. அதன் வாசனை வேறு. ஆனால் என் மூக்கு அந்த வித்தியாசத்தையெல்லாம் பார்க்கவில்லை. திருப்பதி வீட்டுச் சமையலறையிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பழைய ஊரில் விட்டுவிட்டது.

எங்கள் ஊர் பாலசமுத்திரத்துக்குக் கிழக்கே இருந்தது. கடலையும் கரும்பும் போடுவார்கள். ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் யாருக்கு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்த வருஷங்கள் அவை. ஒரு நாள் ஓர் ஆள் நோட்டோடு வந்து வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார். நைனா, அதாவது என் அப்பா, "கோவம் வந்தா தெலுங்கு, மத்த நேரம் தமிழு. எது வேணுமோ எழுதிக்க" என்றார். வந்தவர் என்ன எழுதினாரோ தெரியாது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. எட்டாவது பாஸ் பண்ணி மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாசல் கூட்டவும் தண்ணீர் எடுக்கவும் வெளியே போகலாம், மற்றபடி வீட்டுக்குள்தான். அம்மா நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் ரேணிகுண்டாவில் வேலை பார்த்தான், வாரத்துக்கு ஒரு முறை வருவான். வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது அண்ணி ஒருத்திதான். நாயுடுபேட்டைப் பக்கத்துப் பெண், தெலுங்கு வீடு. எங்கள் தமிழைக் கல்யாணமாகி வந்த பிறகுதான் கற்றுக்கொண்டாள். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவாள். நான் கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே பொறுக்கவில்லை. திருத்தணிப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்தது. எட்டாவது படித்தவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள், பாடமும் தமிழில். அண்ணனை நச்சரித்து விண்ணப்பம் வாங்கி வரச் சொல்லி, என்னை உட்கார வைத்து எழுத வைத்து அனுப்பியவள் அவள்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம். அன்று காலையில்தான் ஊர் அம்மன் கங்கம்மாவின் ஜாத்திரைக்குச் சாட்டு போட்டிருந்தார்கள்.

சாட்டு என்றால் பறையடித்து ஊருக்குச் சொல்வது. சொன்ன நிமிஷத்திலிருந்து அடுத்த செவ்வாய் ஜாத்திரை முடிகிறவரை ஊரார் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது, வெளியூரார் ஊருக்குள் தங்கக் கூடாது. தாண்டிப் போனவர்கள் வீட்டுக் குழந்தைக்கு வைசூரி போடும் என்பார்கள். வைசூரியைப் பார்த்த தலைமுறை அது. ஊரில் அம்மைத் தழும்பு இல்லாத முகங்களைச் சீக்கிரம் எண்ணி முடித்துவிடலாம். கடிதம் கொண்டுவந்த தபால்காரர்கூட மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

எங்கள் வீட்டில் குழந்தை இருந்தது. அண்ணியின் மகன், எட்டு மாதம்.

நைனா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்த வருசம் போ. பள்ளிக்கூடம் எங்க ஓடிப் போவுது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லை. சாமான் அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். அங்கே கடலை மூட்டைகளுக்கு நடுவில் கால் நீட்டக்கூட இடம் கிடையாது.

அண்ணிக்குத்தான் யோசனை வந்தது. புதன்கிழமை நைனா கழனிக்குப் போன பிறகு வந்து, "புள்ளைக்கு ஒரு மால கோத்துக் கட்டிட்டா கங்கம்மா அவன் கிட்ட வரமாட்டா. அப்பறம் நீ போனா இன்னா?" என்றாள். எனக்கு அது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது.

கறுப்பு நூலை மூன்றாக முறுக்கி மெழுகு தேய்த்தோம். வசம்பை வில்லை வில்லையாக நறுக்கி ஊசியால் துளை போட்டோம். அந்த வாடைக்குத் தும்மல் நிற்கவே இல்லை. ஒரு சோழி. உலகச் சண்டைக் காலத்தில் வந்த ஓட்டைக் காலணா ஒன்று. அதற்குத் துளை போடுகிற வேலை மிச்சம், சர்க்காரே போட்டுக் கொடுத்துவிட்டது. பணக்கார வீட்டில் புலிநகம் கோப்பார்கள். நாங்கள் ஆட்டுக் குளம்பைச் சீவி வளைத்து, அதையே புலிநகம் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சுப் போட்டது நான். கடைசியில் அண்ணி தன் கழுத்துக் கயிற்றிலிருந்து ஒரு பவழத்தை உருவிக் கொடுத்தாள். "உனக்கு?" என்றேன். "எனக்கு ஒண்ணு கீது, போதும்" என்றாள். கட்டி முடிப்பதற்குள் பையன் குளம்பை வாயில் போட்டுவிட்டான். "டேய், அது உன்னக் காப்பாத்த. நீ அத்தத் துன்னுக்கினு கீற" என்று அண்ணி சிரித்தாள். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு மாதம் முன்பு அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்திருந்தார். குத்தினால் குழந்தைக்கு ஜுரம் வரும் என்று பயந்து அண்ணி அவனைக் காலி நெல் குதிருக்குள் படுக்க வைத்துவிட்டாள். "புள்ள தாய்மாமன் வூட்ல கீது" என்று அவரிடம் சொன்னதும் அவளே. பையன் குதிருக்குள் நிம்மதியாகத் தூங்கினான். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

வியாழக்கிழமை விடியற்காலை நைனா தண்ணீர் பாய்ச்சப் போனதும் கிளம்பினேன். அண்ணி கல்யாணப் புடவையைக் கட்டிவிட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லைக்கல்வரை கூடவே வந்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் ரோடு. தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது. நான் காலைத் தூக்கினேன்.

முந்தானையில் இழுப்பு விழுந்தது.

"பாப்பா, புள்ளைக்கு ஒடம்பு சுடுது" என்றாள்.

திரும்பி வந்து அவன் நெற்றியில் கை வைத்தேன். பானைத் தண்ணீர் போல் குளிர்ந்திருந்தது. மாலையைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். முந்தானையைப் பிடித்தபடியே அண்ணி அழ ஆரம்பித்திருந்தாள். "வத்தம்மா, வத்து" என்றாள். வேண்டாம் என்கிறாள். ரொம்பப் பயந்துவிட்டால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். அவள் கண்ணில் அந்த நெல் குதிர் இருந்தது, எனக்குத் தெரிந்தது.

"ஆமா அண்ணி, சுடுது" என்றேன்.

பஸ் நின்றது. யாரும் ஏறவில்லை, போய்விட்டது. நைனா தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாமி தடுத்திருந்தால் சாமியைத் திட்டியிருப்பேன். எனக்காக விண்ணப்பம் வாங்கியவளே பிடித்துக்கொண்டு அழுதால் யாரிடம் போய்க் கோபப்படுவது? வீட்டுக்கு வந்து அவள் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு அரிசி களைந்தேன். ஜாத்திரை முடிகிறவரை பறைச்சத்தம் காதிலேயே இருந்தது. பையனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அடுத்த வருஷம் எல்லையை முடிவு செய்துவிட்டார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். பயிற்சிப் பள்ளிக்கு மறுபடி எழுதினேன். இனி அந்த ராஜ்யத்துப் பெண்களுக்குத்தான் இடம் என்று பதில் வந்தது. தெலுங்கில் சண்டை போடத் தெரியுமே தவிர, பரீட்சை எழுத எனக்குத் தெரியாது. இரண்டு வருஷத்தில் கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தேன். ஒரு சாமான் அறையிலிருந்து ஒரு சமையலறைக்கு. அதற்காக அழுதுகொண்டே காலத்தை ஓட்டினேன் என்று நினைக்க வேண்டாம். என் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், கிடைக்காத வகுப்பை அவர்கள் தலையில் எப்படி நடத்தினேன் என்று சொல்வார்கள். ஆனால் பஸ் புறப்படும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பேன்.

அண்ணி பிறகு அந்த நாளை எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்வாள். "அன்னிக்கிப் புள்ளைக்கு அனலா ஜொரம். பாப்பாதான் போவாம நின்னுது." நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன்.

எல்லைக்கல் இப்போது நாலு வழிச் சாலைக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. சாட்டு போட்ட அன்றும் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறதாம், யாரும் வாய் திறப்பதில்லை. நாங்கள் நடுங்கிய வைசூரி உலகத்திலேயே இல்லை. அண்ணியும் போய்விட்டாள். போவதற்கு இரண்டு நாள் முன்பு ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "பாப்பா, அன்னிக்கி சுடலதானே?" என்று கேட்டாள். "சுட்டுது அண்ணி, நான் தொட்டுப் பாத்தனே" என்றேன். கையை விடாமலே தூங்கிப்போனாள். அந்த நெற்றி குளிர்ந்திருந்தது என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.