நண்டு வரைந்த கோடு

குழாய்க்கு ஒரு வளையம் தேடிக் கல்மண்டபத்துக் காயலான் கடைக்குப் போனேன். துருப்பிடித்த பூட்டுகளுக்கும் கால் ஒடிந்த தையல் மெஷினுக்கும் நடுவே, உள்ளங்கை அளவில், மூன்று சக்கரங்களோடு அது கிடந்தது. மூன்றாவது சக்கரத்தின் விளிம்பில் சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. மையா துருவா என்று கேட்காதீர்கள். எனக்கு அது மைதான்.

"இன்னா சார் பாக்கறே? கொயந்த பொம்ம. சாவி காணோம், அவ்ளோதான்" என்றார் கடைக்காரர்.

பொம்மை இல்லை. அதற்குப் பெயர் நண்டு.

யுத்தம் முடிந்து, பட்டாளத்தார் விட்டுப்போனதெல்லாம் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்த நாட்கள். ராயபுரத்தில் நான் வேலை பார்த்த கல்லூரிக்கு அப்படித்தான், விமானம் ஓட்டப் பழக்கும் ஒரு பெட்டி வந்தது. விமானத்தின் முகம், குட்டைச் சிறகு, அடியில் தோல் துருத்திகள். ஆள் உள்ளே உட்கார்ந்து மூடியைச் சாத்தினால் இருட்டு. எதிரே கருவிகளின் முட்கள் மட்டும் மினுங்கும். கோலை அசைத்தால் பெட்டி நின்ற இடத்திலேயே சாயும், சுற்றும். வெளியே மேசையில் விரித்த தாளில் இந்த நண்டு ஊர்ந்து, உள்ளே இருப்பவன் போகும் வழியைச் சிவப்பாக வரையும்.

மேகத்துக்குள் பறப்பதைத் தரையிலேயே சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்பது எங்கள் பேராசிரியரின் ஆராய்ச்சி. கண்பார்வை போதாது என்று விமானத்திலிருந்து இறக்கப்பட்ட மனிதர். ஏறமுடியாத வானத்தை ஓர் அறைக்குள் இழுத்து வந்துவிடப் பார்த்தார். "முள்ளை நம்பு, உடம்பு பொய் சொல்லும்" என்பார், பாடம் தொடங்கும்போதும் முடியும்போதும்.

நான் ஆராய்ச்சி உதவியாளன். உத்தரவில் அப்படித்தான் இருந்தது. செய்த வேலை, நண்டுக்கு மை ஊற்றுவது. துருத்தியில் ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டுவது. ஒரே ஒரு தடவை பெட்டிக்குள் ஏறினேன். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் விமானத்தில் வாந்தியெடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த அறைக்கு ஒரு வாசனை உண்டு. ரப்பர் பசை, சூடேறிய மோட்டார், ஜன்னல் வழியே கருவாடு. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தவே மாட்டோம். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் பாக்டரி. மீனுக்கு ஐஸ் வேண்டுமே, அதன் எஞ்சின் ஓய்வில்லாமல் டுக்டுக் என்று அடித்துக்கொண்டிருக்கும். சேர்ந்த முதல் வாரம் தலைவலித்தது. பிறகு அது எங்கள் காதில் விழுவதே நின்றுபோனது.

லூர்து என்று ஒரு மாணவன். கட்டுமரக்காரர் மகன். "எங்க வூட்ல நண்ட வறுத்துத் துண்றோம், இங்க நண்டு எனக்கு மார்க் போடுது" என்று சிரித்தபடி பெட்டிக்குள் இறங்குவான். சதுரம் போடச் சொன்னால், அடிக்கோல் வைத்தது போலச் சதுரம். பேராசிரியர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். "இந்தக் கையைப் பாருய்யா." அந்தத் தாள்களை அடுக்கிவைத்துத்தான் கட்டுரை எழுதினார். அதை வாசிக்கப் பெங்களூருக்கு ரயிலேறினார்.

அவர் ஊரில் இல்லாத ஒரு பிற்பகல். லூர்து பெட்டிக்குள், நான் மேசையில். ஐஸ் பாக்டரியில் பெல்ட் அறுந்து எஞ்சின் நின்றது. அந்த நிசப்தம் யாரோ அறைக்குள் நுழைந்தது போல் இருந்தது. நண்டு தயங்கியது. சதுரத்தின் மூலையில் திரும்பியது, திரும்பிக்கொண்டே போனது. நத்தை முதுகு மாதிரி, சுருள்மேல் சுருள். பெட்டியைத் தட்டினேன். வியர்வையில் குளித்து எழுந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"ஐஸ் பாக்டரி நின்னுட்ச்சிண்ணா."

"அதுக்கு?"

"அது எடது காதுல கேட்டா நான் வடக்கால போறேன். முதுகுல கேட்டா கெயக்கால. முள்ள யாரு பாத்துகினு இருக்கா? பனில எங்க நைனா மரத்த கரைக்கு இட்டாறது இப்டித்தான், அல சத்தத்துல காத வெச்சு." பிறகு என் கையைப் பிடித்தான். "சார் கைல சொல்லிடாதண்ணா. அடுத்த வாரம் பிளையிங் கிளப்புல ஆள் எடுக்கறாங்க. இது பூட்ச்சின்னா நானும் மரம் தள்ளத்தான்."

அந்நேரம் பெங்களூரில் கட்டுரை வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அதில் இருந்த சதுரங்கள் எல்லாம் ஐஸ் பாக்டரி போட்டவை. "காதுல பஞ்சு வெச்சுப் பழகுடா" என்றேன். "ஆவட்டும்ணா" என்றான். பஞ்சை அவனும் கேட்கவில்லை, நானும் வாங்கவில்லை. சுருள் வரைந்த தாளை மடித்து எடுத்துப்போய் டீக்கடை அடுப்பில் போட்டேன். நிஜ விமானத்தில் வானம் தெரியுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பேராசிரியர் திரும்பி வந்தார். "கைதட்டினாங்கய்யா" என்று இரண்டு முறை சொன்னார். அந்த முகத்திடம் எதைச் சொல்வது? கிளப்பில் லூர்தை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தாள்களைப் பார்த்துத்தான்.

ஐப்பசியில் ஒரு காலை, லூர்து தனியாக எண்ணூர் வரை போய்த் திரும்ப வேண்டிய பயணம். வானம் சரியில்லை, ஆனாலும் இந்தப் பையன் சமாளிப்பான் என்று அனுப்பினார்கள். கடலிலிருந்து மேகம் ஏறிவந்தது. மேகத்துக்குள் ஒரே ஓர் எஞ்சின்தான். அவன் விமானத்தினுடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது இரண்டு காதிலும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

முகத்துவாரத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். விமானம் எப்படி விழுந்தது என்று ஒருவர் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். அந்தச் சுருளை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன், சிவப்பில்.

லூர்தின் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கண்ணக் கட்டி உட்டாலும் கரைக்கு வந்துருவான்பா எம்புள்ள. நான் கத்துக்குடுத்தேனே. அவனுக்கு இன்னா ஆச்சு?"

தெரியவில்லை என்றேன்.

பேராசிரியர் மாதக்கணக்கில் அந்தத் தாள்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். "எங்கேய்யா தப்பு? ஒரு கோடுகூடக் கோணலில்லையே." நான் மைக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கோணல் கோட்டை எரித்தவனிடமே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெட்டியைப் பூட்டினார், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பெங்களூருக்கு எழுதினார், மிச்ச வருடங்களுக்கு இயந்திர வரைபடப் பாடம் எடுத்தார். காரணம் தெரியாமலே செத்துப்போனார்.

"இத்த வெச்சு இன்னா பண்ணப்போறே?" என்றார் கடைக்காரர். பலகைமேல் வைத்து விரலால் தள்ளினேன். இரண்டு சக்கரங்கள் ஓடின. மை தொட்ட சக்கரம் இறுகிப்போய், எதையும் வரையாமல் இழுபட்டது.

ஐஸ் பாக்டரி இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. கல்லூரியின் அந்தப் பக்கத்தை இடித்துவிட்டார்கள். பெட்டியின் மரம் யார் வீட்டு அடுப்புக்குப் போனதோ. லூர்தின் அப்பாவும் இல்லை. கேட்டவரும் போனார், தேடியவரும் போனார். பதில் மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.