முனியாண்டி வளைவில் வரும் அழைப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கூடுகிற நேரத்தில், டவுனுக்குப் போகிற நாங்கள் பஸ்ஸுக்கு நிற்போம். பதுளையில் கடைகளில் நிற்பவர்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர்கள், ஹாலிஎலயில் இறங்கி வேறு பஸ் பிடிப்பவர்கள் என்று தினமும் அதே முகங்கள். நான் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் ஏற்றி இறக்குகிறேன். வலது பக்கத்து ஜன்னலோர சீட் ஒன்றை எனக்கென்றே விட்டுவைப்பார்கள். அந்தப் பக்கம்தான் ஃபோனில் சிக்னல் நிற்கும்.

என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். மகளை வெலிமடையில் கட்டிக்கொடுத்த பிறகு, எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையாவது கட்ட வேண்டும் என்று போனாள். இப்போது வீட்டில் நான் ஒருத்தன்தான். இரவில் சோற்றை வடித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, தேவாரத்தில் தெரிந்த நாலு வரியைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுவேன். மறுநாள் பஸ் ஏறும்வரை என் குரலை நானே கேட்பது அந்த நாலு வரியில்தான்.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. பஸ் மலையிறங்கி வரும் வழியில் முனியாண்டி கோயில் வளைவில்தான் முதலில் கிடைக்கும். எந்த பஸ்ஸும் அங்கே நிற்காமல் போகாது. கண்டக்டர் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, திருநீற்றைப் பேப்பர் துண்டில் கொண்டுவந்து சீட் சீட்டாக நீட்டுவார். டிரைவர் சிங்களவர். அவரும் நெற்றியில் பூசிக்கொண்ட பிறகுதான் பஸ்ஸை எடுப்பார். சரியாக அந்த நேரத்தில் அவள் கூப்பிடுவாள். அங்கே அப்போதுதான் விடியப்போகும். வீட்டுக்காரர்கள் எழும்புவதற்குள் சமையலறையில் நின்று பேசுவாள். பிறகு நாள் முழுக்க அவளால் ஃபோனைத் தொட முடியாது. வளைவிலிருந்து கீழே சிக்னல் அறுந்துபோகும் பாலம் வரைக்கும், அவ்வளவு தூரம்தான் நாங்கள் இருவரும் குடும்பம் நடத்தினோம்.

பஸ் இரைச்சலில் மெதுவாகப் பேசினால் அவளுக்குக் கேட்காது. அதனால் எங்கள் பேச்சு பஸ் முழுவதற்கும் பொதுவாகிப்போனது.

"அண்ணே, ரெண்டு டிக்கெட் எடுங்க. அண்ணியும் நம்ம பஸ்லதானே வர்றாங்க!" என்பார் கண்டக்டர்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் தங்கச்சி ஒருத்தி பின் சீட்டிலிருந்து எட்டிக் கத்துவாள். "அண்ணி, நீங்க கவலப்படாதீங்க! அண்ணன நாங்க நல்லா பாத்துக்கிறோம். ஆனா சோத்துக்கு மட்டும் எங்க வீட்டுப் பக்கம் வந்துறாதீங்கன்னு சொல்லிவைங்க!"

பஸ் சிரிக்கும். நானும் சிரிப்பேன். அங்கே அவளும் சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் சொன்னாள். "ஏங்க, இன்னும் ரெண்டு வருஷம் நிக்கச் சொல்றாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

வேண்டாம், வந்துவிடு என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் எல்லோருடைய காதும் என் பக்கம் இருந்தது. ஐம்பது வயது தாண்டியவன், 'நீ இல்லாமல் முடியவில்லை' என்று பஸ்ஸில் எப்படிக் கத்துவது? "பாக்கலாம், பாக்கலாம்" என்று சிரித்துவைத்தேன். பாலம் வந்துவிட்டது.

மறுநாளும் பஸ்ஸில் அதே சிரிப்போடு மழுப்பிவிட்டேன். இரண்டு இரவும் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் வளைவில் பஸ் நின்றதும், கண்டக்டருக்குப் பின்னால் நானும் இறங்கினேன். "என்னாண்ணே, சாமிகிட்ட நேர்லயே பேசப் போறீங்களா?" என்றார். என் முகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். கோயிலுக்குப் பின்னால், தேயிலை ஓரமாகப் போய் நின்றேன். ஃபோன் அடித்தது.

"போதும் புள்ள. வந்துரு" என்றேன். "அறையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுல ஒத்தையா இருக்க முடியல."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது.

"நேத்து கையெழுத்து வச்சுட்டேங்க" என்றாள். "நீங்கதான் சிரிச்சுக்கிட்டே பாக்கலாம்னீங்க. நான் எப்ப எடுத்தாலும் ஒங்களச் சுத்தி சிரிப்புச் சத்தம். என் புருஷனுக்கு அங்க ஆளு தொண இருக்கு, நாமதான் இங்க தனியா கெடக்குறோம்னு நெனச்சேன். ஒத்தையா இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவளுக்குக் கேட்டதெல்லாம் பஸ்தான். வீடு கேட்கவே இல்லை.

பிறகு அவளே, "பஸ்ஸு போயிறப் போவுது, ஏறுங்க" என்றாள். பஸ் போகவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் திருநீற்றை நீட்டினார். பதுளை வரை ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

கையெழுத்து கையெழுத்துதான். இனி அந்த இரண்டு வருஷமும் முடிந்தால்தான் அவள் வர முடியும். அப்பன் முனியாண்டியிடம் அதை மாற்றித் தரச்சொல்லிக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அங்கே அவளைச் சுகமாக வைத்திரு என்று மட்டும் கேட்கிறேன்.

இப்போது நான் இருட்டோடு எழும்பி, காட்டுப்பன்றிக்குப் பயந்து டார்ச்சை அடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு முன்னால் வளைவுக்கு நடந்துவிடுகிறேன். ஈரப் படியில் பழைய சாக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் கூப்பிடுவாள். கத்த வேண்டியதில்லை. முந்தாநாள் கூரை ஒழுகியதைச் சொன்னேன். அவளுக்கு முழங்கால் வலி இருப்பது இத்தனை நாளும் எனக்குத் தெரியாது. நேற்று இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. "அங்க என்னா அவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கேட்டாள். "இதுதான் நம்ம வீட்டுச் சத்தம்" என்றேன். கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.