அலமாரிக்குப் பின்னால் ஈரம்

என் வீட்டுக்காரர் அலமாரி செய்யும் தச்சர். மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே வைத்து, தொழில் வட்டாரத்தில் ரசமட்டம் என்று அவருக்குப் பட்டப்பெயர். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்துவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பார்க்கிறவர்கள் எல்லாம் பலகையைத் தடவித் தடவிப் புகழ்ந்து ஆளைக் கெடுத்து வைத்திருந்தார்கள். திட்டுவதற்கு நான் ஒருத்திதான். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிக்கு இன்றுவரை கதவு கிடையாது.

அவருடைய தங்கைக்குச் சாலை போடும் கம்பெனியில் அளவெடுக்கும் வேலை. சாலை நகர நகர அவளும் நகர வேண்டும். கட்டியவனை விட்டு வந்த பிறகு ஒரு பழைய வேனை வாங்கி அதையே வீடாக்கிக்கொண்டாள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே. எங்களோடு வந்து இரு என்று நான் கூப்பிடாத நாளில்லை.

"உங்க வீட்டுக்கு வந்தா நான் விருந்தாளி அண்ணி. இங்கதான் நான் வீட்டுக்காரி" என்பாள்.

வேனுக்கு அலமாரி செய்யும் வேலை அண்ணன் தலையில் விழுந்தது. முதலில் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் செய்தார். லட்சணமாகத்தான் இருந்தது. ஒரே மழைக்காலத்தில் அடிப்பலகை, நனைந்த ரொட்டி மாதிரி உப்பி உதிர்ந்தது. உள்ளே கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. பூஞ்சையோடு குடியிருந்தால் இந்த நெஞ்சு தாங்காது, வண்டியை விட்டுவிடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டியை விட்டால் வேலையும் போகும், அவளுக்கென்று இருக்கிற ஒரே கூரையும் போகும்.

"பலகைதான் தப்பு. நான் மாத்தித் தர்றேன்" என்றார் இவர்.

அடுத்தது படகுக்குப் போடுகிற மரைன் பிளைவுட். தண்ணீரில் போட்டு வேகவைத்தாலும் பிரியாது என்றார் கடைக்காரர். பிரியவில்லைதான். ஆனால் ஒரு கதவைத் தூக்க எனக்கு இரண்டு கை போதவில்லை. எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால், பின் சக்கரங்கள் தாங்கக்கூடியதைவிடப் பாரம் அதிகம். ஓட்டக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலமாரி வேண்டுமென்றால் தண்ணீரைக் கொட்ட வேண்டும், தண்ணீர் வேண்டுமென்றால் அலமாரியைக் கழற்ற வேண்டும். இது என்ன குடித்தனம்?

அதன் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. குளிக்கிற வாளி முதல் சமைக்கிற சட்டி வரை எல்லாவற்றிலும் பலகைத் துண்டுகள் ஊறின. என் சமையல் தராசில் அவற்றை நிறுத்துப் பார்த்தார். ஒன்று எடை குறைவாக இருந்தால் திருகாணி பிடிக்காது. திருகாணி பிடித்தால் கனக்கும். "ரெண்டும் சேர்ந்து வரவே மாட்டேங்குதே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குள் அவளை ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. எங்கே அவள் மூச்சு நின்றுவிடுமோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து அவளுக்குப் போன் போட்டேன்.

கடைசியில் பிளாஸ்டிக்கை நுரையாக்கிச் செய்த பிவிசி பலகை கிடைத்தது. ஒரு கதவை ஒற்றை விரலில் தூக்கலாம், சொட்டுத் தண்ணீர் இறங்காது. திருகாணி நிற்காத குறைக்கு அலுமினியச் சட்டம் கட்டி, துளை போட்டு போல்ட் முடுக்கினார். வண்டியின் தகரத்தோடு மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருத்திவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு நான்கூடத் திட்டவில்லை.

வண்டியோடு வேலைக்குப் போனவள் குளிர் தொடங்கியதும் திரும்பி வந்தாள். வண்டியிலிருந்து இறங்கி வீட்டு வாசல்வரை நடக்க முடியவில்லை அவளால். இவர் ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பார்த்தார். பலகை பளிச்சென்று இருந்தது. போல்ட்டைக் கழற்றி ஒரு பெட்டியை வெளியே இழுத்தார். பின்னால் தகரம் வழிந்துகொண்டிருந்தது. வண்டி வாங்கும்போதே உள்பக்கத் தகரத்தில் ஒட்டியிருந்த துணி முழுக்கப் பூஞ்சை பிடித்துக் கறுப்பு.

வீட்டுச் சுவர் கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும், தகரம் குடிக்காது. வெளியே குளிர், உள்ளே அடுப்பின் ஆவியும் ஆள் விடும் மூச்சும். அது தகரத்தில் பட்டு வியர்த்துக் கொட்டுகிறது. காற்றுப் போக வழியில்லாததால் காய்வதே இல்லை. வீடுகளுக்கு வேலை செய்தே பழகிய கை, நெருக்கிப் பொருத்துவதுதான் நேர்த்தி என்று நினைத்துவிட்டது.

வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அவ விட்ட மூச்சுதான் தண்ணியா நிக்குது. நான்தான் அடைச்சு வச்சிருக்கேன்."

"அழுது என்னங்க ஆகப்போகுது? தள்ளி வைங்க. ஓட்டை போடுங்க" என்றேன்.

துணியை உரித்தெறிந்து தகரத்தைக் கழுவினோம். எல்லா அலமாரியையும் விரற்கடை தள்ளி வைத்தார். தன் கையாலேயே மேலும் கீழும் ஓட்டை போட்டார். சொந்தப் பல்லைத் தானே பிடுங்குகிறவர் மாதிரி இருந்தது முகம். கூரையில் ஒரு சின்ன விசிறியும் மாட்டினார். வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது, அவள் அதற்குள் படுத்தாள். காலையில் எழுந்ததும் இவர் இடுக்கில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். காய்ந்திருக்கும். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி என்னைப் பார்ப்பார். நானும் நம்பினேன்.

ஒரு காலையில் அவளுடைய இரைப்பு வாசல்வரை கேட்டது. ஓடினோம். படுக்கையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இவர் அவளைப் பார்க்கவில்லை. நேராக அலமாரிக்குப் போய் இடுக்கில் கையை விட்டார். அடுத்த இடுக்கு, குழாய்க்குப் பின்னால், படுக்கைக்கு அடியில் என்று தரையில் படுத்துத் துழாவினார்.

"இருக்கும். எங்கயாவது இருக்கும்."

"அண்ணா... விடு. அலமாரி... நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள், சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கி.

அவர் காதில் விழவில்லை. ஈரம் இருந்தால் இன்னும் ஒரு ஓட்டை போடலாம், இன்னும் ஒரு பலகை மாற்றலாம். இல்லையென்றால் அவர் கையில் எதுவுமே இல்லை. எழுந்து வந்து உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீ தொட்டுப் பாரு. ஈரமா இருக்குல்ல? சொல்லு."

தொட்டேன். சுக்காகக் காய்ந்திருந்தது.

"ஆமாங்க, ஈரமாத்தான் இருக்கு" என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து சரி பண்ணிக்கலாம். முதல்ல அவளைத் தூக்குங்க."