ஜோஷுவாவின் பக்கத்தில் எரிந்த மெழுகுவர்த்திகள்

சித்தூர் ஜீவரத்தினத்தின் மகன் ஜோஷுவா, கெடுதல் வரும் என்று நம்பி கம்ப்யூட்டர் படித்தவன். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும், எழுப்பிவிட ஆள் வேண்டும் என்று அமெரிக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. சாமர்த்தியசாலிகள் விமானம் ஏறிவிட்டார்கள். இவன் திருப்பதி இன்ஸ்டிட்யூட்டில் பச்சை எழுத்து மின்னும் பழம்பெட்டிகளைத் தட்டிக்கொண்டிருந்தபோதே இரண்டாயிரம் பிறந்து தொலைத்தது. ஒரு பெட்டிகூடப் படுக்கவில்லை. என்ன அநியாயம்! பையன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு இமெயில் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஆள் வராத நேரத்தில் தனக்கென்று ஒரு வெப்சைட் செய்தான். இங்கிலீஷில்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நான் பழைய 286 கம்ப்யூட்டர். ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும். நைனா இரண்டு தட்டு தட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். சாப்பிடும்போது பேச்சு வராது. மெமரி குறைவு. ஆனாலும் மூன்றாம் வகுப்பில் என்னை அடித்த வாத்தியார் பெயரை எந்தக் கட்டளை போட்டும் அழிக்க முடியவில்லை. ரிப்பேர் எல்லாம் அம்மா பொறுப்பு." கீழே மண்வெட்டியால் தோண்டிக்கொண்டே இருக்கும் ஒரு பொம்மை ஆள், பக்கம் இன்னும் தயாராகிறது என்பதற்கு அடையாளமாக. அந்த வீட்டில் ஓயாமல் உழைத்தது அந்தப் பொம்மை ஒன்றுதான்.

அப்போதுதான் புத்தலப்பட்டு யூனிஸின் சம்பந்தம் வந்தது. நர்ஸ். குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. கட்டிக்கொள்கிறவன் கூடவே பறக்கலாம். போட்டோவைப் பார்த்ததிலிருந்து ஜோஷுவாவுக்குக் குவைத்துகூட அப்புறம்தான். அந்தப் பெண் வேண்டும், அவ்வளவுதான். வெப்சைட் முகவரியை எழுதிக் கொடுத்தனுப்பினான்.

விஷயம் தெரிந்த ஜீவரத்தினம் அதைப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினான். வந்ததே கோபம்!

"இன்னாடா இது? நான் பெத்தது ஓட்ட டப்பாவா? பொண்ணு வூட்டாரு பாத்தா காறித் துப்ப மாட்டாங்க? நான் சொல்றேன், எழுதிக்கோ."

ஜீவரத்தினம் லேசுப்பட்டவரல்ல. சபையில் யார் செத்தாலும் அடக்க ஆராதனையில் வாசிக்கும் ஜீவிய சரித்திரத்தை எழுதுகிறவர் அவர்தான். குடித்துச் சாக்கடையில் விழுந்தவனையும் அவர் பேனா பரிசுத்தவானாக்கிவிடும். ஒரு மனிதனைப் பற்றி எழுத அவருக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். "பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்தார். உரிய வயதில் பிஷப் கையால் திடப்படுத்தல் பெற்றுச் சபையில் சேர்ந்தார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய் கூவி விற்று ஆலயத்துக்கு உழைத்தார். அம்மை கண்டபோதும் முறுமுறுக்காமல் சகித்தார். அவருக்கு அன்பான பெற்றோரும் ஒரு தங்கையும் உண்டு."

பையனுக்காவது உறைத்திருக்க வேண்டாமா? எங்கே! நல்லவனைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த காது அது. பழைய பக்கத்தைத் தூக்கிவிட்டு இதைப் போட்டான். தன் பங்குக்குப் போட்டோவின் இரண்டு பக்கமும் ஆடி ஆடி எரியும் மெழுகுவர்த்தி, சுற்றிலும் ரோஜாப்பூ. பக்கம் திறந்ததும் ஒலிக்க, நைனா ஆசைப்பட்ட கீதம். அடக்கத்தில் பாடுகிற கீதம்தான்.

யூனிஸின் அப்பா சித்தூரில் ஒரு சென்டருக்குப் போய் அதைத் திறந்தார். பாட்டு வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாராம்.

மறுநாள் காலை ஜீவரத்தினத்தின் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. வெள்ளைப் புடவையில் யூனிஸின் அம்மா, மலர்வளையத்தோடு அப்பா, பின்னால் கண் சிவந்த யூனிஸ். லுங்கியும் வாயில் பிரஷுமாகக் கதவைத் திறந்தான் ஜோஷுவா.

"கர்த்தாவே!" என்று அம்மா ஆட்டோவுக்கே திரும்பி ஓடினாள்.

"எத்தினி மணிக்கு அடக்கம்னு போடலியே, அதான் காலையிலயே வந்துட்டோம்" என்றார் அப்பா, யாரிடம் சொல்கிறோம் என்றே புரியாமல்.

உள்ளேயிருந்து வந்த ஜீவரத்தினம், அவர் நீட்டிய பிரிண்ட் அவுட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். "தப்பு ஒண்ணும் இல்லியே" என்றார்.

யூனிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உசுரோட இருக்கற மனுசனுக்கு எழுதறதாய்யா இது?" என்றவள் ஜோஷுவாவிடம் திரும்பினாள். "மொதல்ல ஒண்ணு போட்டிருந்தீங்களே, பழைய 286ன்னு. அத டூட்டில படிச்சிட்டு, வார்டே எழுந்துக்கற மாதிரி சிரிச்சேன். அந்த ஆளு பூட்டாருன்னுதான் வழி பூரா அழுதுகினு வந்தேன். இந்தப் பரிசுத்தவானுக்கு இல்ல."

ஜோஷுவா பிரஷை எடுக்கவும் தோன்றாமல் நின்றான்.

"ஸ்டார்ட் ஆவ நேரம் புடிக்கும்னு எழுதியிருந்தாரு. பொய்யில்ல" என்று சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்போடு கல்யாணம் முடிவானது. பழைய பக்கம் திரும்ப ஏறியது. குவைத்துக்குக் கிளம்புகிற அன்றைக்குத்தான் ஜோஷுவாவுக்கு அந்த நினைப்பு வந்தது.

"நைனா, நீ எழுதினத கிழிச்சிப் போட்டுட்டியா?"

"கிழிக்கறதா? எவ்ளோ நல்லா வந்திருக்குது! பைபிளுக்குள்ள பத்திரமா வெச்சிருக்கேன்டா" என்றார் ஜீவரத்தினம். "தேதி மட்டும் போட்டா போதும்."