வகுப்பில் இல்லாத ஏழு பேர்

செவ்வாய், மாலை 5.40. சிங்கப்பூரில் காலை பத்தரைக்குக் கிளம்பிய பேருந்து கோலாலம்பூரின் தெற்குப் பேருந்து நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டது. முந்நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும். எல்லையில் பெட்டிகளோடு இறங்கி ஏறியதிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. நல்ல மழை.

நாங்கள் நான்கு பேர், எல்லோரும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்காரர்கள். நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. உலகத்தில் சிறந்த பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வர ஓர் அறக்கட்டளை எங்களை அனுப்பியிருந்தது. சிங்கப்பூரில் மூன்று நாள், கோலாலம்பூரில் மூன்று நாள். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் குழுத் தலைவர்.

எங்களை ஏற்றிக்கொள்ள வேனோடு காத்திருந்தவர் சரவணன். நாற்பது வயது இருக்கலாம். கிள்ளானில் வீடு. ஒரு நாளைக்கு வேன் வாடகை முந்நூற்றைம்பது ரிங்கிட், பெட்ரோல் உட்பட. நனைந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துப் பின்னால் அடுக்கினார். வழியில் சாலாக் செலாத்தான் என்ற இடத்தில் அடுக்கு வீடுகளின் பால்கனிகளில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை யாரோ அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் விடுதி இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேர முக்கால் மணி நேரம். விடுதி அறை ஓர் இரவுக்கு நூற்றிருபது ரிங்கிட். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர்.

புதன். பங்சாரில் ஒரு கூட்ட அரங்கில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கருத்தரங்கு. பேசியவர்கள் பல நாடுகளைத் திரையில் காட்டினார்கள். பின்லாந்து, ஜப்பான், கொரியா, அப்புறம் நாங்கள் அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்த சிங்கப்பூர். நல்ல ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது, அவருக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுப்பது, பின்தங்கும் பிள்ளையை முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துக் கைகொடுப்பது. எதுவும் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர்ப் பயிற்சிகளிலும் இதைத்தான் சொல்கிறார்கள். குளிர்சாதனக் காற்றில் தலை வலித்தது. மறுநாள் கிள்ளானில் ஒரு தமிழ்ப் பள்ளியைப் பார்ப்பதாக ஏற்பாடு. பரிசுகள் பல வாங்கிய பள்ளி. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை.

வியாழன், காலை 7.15. வேனின் முன் இருக்கையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிற டீ-ஷர்ட், எண்ணெய் வைத்து வாரிய இரட்டைச் சடை. சரவணன் சங்கடத்தோடு சொன்னார்.

"என் மக, டீச்சர். தர்ஷினி. இன்னிக்கு ஸ்கூல் லீவுன்னு சொன்னா. வைஃப் ஃபேக்டரிக்குப் போயிட்டாங்க, வீட்ல ஆளில்ல. கூட்டிக்கிட்டு வந்துட்டேன். பரவாயில்லையா?"

அதில் என்ன இருக்கிறது என்றேன். தலைவர் முகவரித் தாளை முன்னால் நீட்டினார். சரவணன் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். அது அவர் மகளின் பள்ளிதான். அவள் அங்கே ஐந்தாம் வகுப்பு. லீவு என்றால் எங்களை எப்படி வரச்சொன்னார்கள் என்று மகளைக் கேட்டார். தன் வகுப்புக்கு மட்டும்தான் லீவு என்று அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். அப்படியும் இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார்.

கிள்ளானுக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வானம் ஈயத் தகடு மாதிரி இருந்தது. வழியெல்லாம் சரவணன் அந்தப் பள்ளியைப் பற்றியே பேசினார். அதில் இடம் கிடைப்பதற்காகத்தான் பூச்சோங்கிலிருந்து வீடு மாறினார்களாம். தான் மூன்றாம் படிவத்தோடு, நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டுவிட்டு லோரி ஓட்டப் போனதையும், மகள் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதையும் சொன்னார்.  பள்ளிச் சுவர் தெரிந்ததும் தர்ஷினி இருக்கையில் சறுக்கிக் கீழே இறங்கிக்கொண்டாள். வெளியிலிருந்து பார்த்தால் முன் இருக்கை காலியாகத் தெரிந்திருக்கும்.

8.30. சந்தனம், மாலை, வரவேற்புப் பாட்டு. பிறகு வகுப்பறைகள். ஐந்தாம் வகுப்புக்குப் போனோம். லீவெல்லாம் இல்லை. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் யாரை எழுப்பினாலும் தடங்கலில்லாமல் வாசித்தார்கள். தலைவர் வியந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கரும்பலகையின் ஓரத்தைப் பார்த்தேன். மாணவர் 31, வந்தவர் 24 என்று எழுதியிருந்தது.

வகுப்பாசிரியை சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார். பேசிக்கொண்டே நகர்ந்து வந்து அந்த ஓரத்தில் சாய்ந்து நின்றார். அப்புறம் பார்த்தால் எண்கள் அழிந்திருந்தன. அவருடைய புடவைத் தோளில் சாக்பீஸ் தூள்.

எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் இதை நானும் செய்திருக்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன்னால், ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும், எழுத்துக் கூட்டத் தெரியாத மூன்று பிள்ளைகளை முதல் நாள் சாயங்காலம் கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னேன். அதிகாரி பாராட்டி எழுதிவிட்டுப் போனார்.

அந்த வகுப்பறையில் நான் எதுவும் கேட்கவில்லை. பழச்சாறு குடித்தேன். பார்வையாளர் பதிவேட்டில் 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பகல் 12.45. கிள்ளானிலேயே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. சைவச் சாப்பாடு ஒன்பது ரிங்கிட். மற்ற மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். இடமில்லாமல் நான் சரவணனோடும் தர்ஷினியோடும் உட்கார்ந்தேன். சரவணன் ஆசையாகக் கேட்டார்.

"இவங்க ஸ்கூல் எப்படி இருந்துச்சு டீச்சர்? இந்தியால இந்த மாதிரி இருக்கா?"

நன்றாக இருந்தது என்றேன். கட்டடத்தைப் பற்றி, நூலகத்தைப் பற்றிச் சொன்னேன். வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் தாண்டினேன். தர்ஷினி இலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்க கிளாஸுக்கு வந்தீங்களா ஆன்டி?"

பொய் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. வந்தேன் என்றேன்.

சரவணன் சாப்பிடுவதை நிறுத்தினார். உங்கள் வகுப்புக்கு லீவு என்றாயே என்று மகளைக் கேட்டார். அவள் அழவில்லை. யாரோ ஒருவருடைய விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

"டீச்சர் எங்க ஏழு பேரைத் தனியா கூப்பிட்டாங்க. நாளைக்கு இந்தியால இருந்து வராங்க, நீங்க வர வேணாம்னு சொன்னாங்க. எனக்குப் படிக்க லேட்டாகும்லா. வரவங்களுக்கு அவ்ளோ நேரம் இருக்காதாம்."

 அப்பளம் வேண்டுமா என்று சரவணன் அவளைக் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். அவரே தன் இலையிலிருந்து எடுத்து அவள் இலையில் வைத்தார். அதற்குமேல் அவரும் சாப்பிடவில்லை. இலையை மடித்துவிட்டுக் கைகழுவப் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

மாலை பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பும் வழியில் வேனில் ரேடியோகூடப் போடவில்லை. அன்றிரவு விடுதியில் தலைவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்த ஊரில்தான் இது நடக்கவில்லை, அறிக்கையில் எழுதினால் அடுத்த வருடம் யாரையும் அனுப்ப மாட்டார்கள் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

வெள்ளி. திருச்சி விமானம் பிற்பகல் மூன்று மணிக்கு. சரவணன் பத்து மணிக்கு வர வேண்டியவர், பத்து நாற்பதுக்குத்தான் வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் பேனா. தாமதத்துக்கு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். நான் முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன். விமான நிலையம் அறுபது கிலோமீட்டர். நகரத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்கள் தொடங்கிய பிறகு அவராகவே பேசினார்.

காலையில் மகளோடு பள்ளிக்குப் போயிருக்கிறார். தலைமை ஆசிரியரும் மற்றவர்களும் மரியாதையாகத்தான் பேசினார்களாம். உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்தோம், இனிமேல் நடக்காது என்றார்களாம்.  இவர் தேங்க்யூ சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"வரும்போது கிளாஸை எட்டிப் பார்த்தேன் டீச்சர். கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கா. எல்லாப் பிள்ளைங்களும் திரும்பித் திரும்பி அவளையே பாக்குதுங்க. அவ என்னைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுகிட்டா. நான் போயிருக்கக் கூடாதோ?"

போனது சரிதான் என்று சொன்னேன். சொல்லும்போதே அது வெறும் வார்த்தையாக இருந்தது. நான் யார் அதைச் சொல்ல என்று தோன்றியது. அதனால் மற்றதையும் சொல்லிவிட்டேன். என் பள்ளியையும், ஆய்வையும், அந்த மூன்று பிள்ளைகளையும். இருவர் மறுநாள் வந்துவிட்டார்கள். முத்துமாரி என்ற பெண் மட்டும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, குடும்பம் ஊர் மாறிவிட்டது என்று பதிவேட்டில் எழுதிப் பெயரை அடித்தேன். வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து அவள் வீடு அரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

பின் இருக்கையில் தலைவர் செருமினார். சரவணன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுங்கச்சாவடி வந்தது, அட்டையைத் தேய்த்தார், தடுப்பு உயர்ந்தது. அதற்கப்புறம்தான் கேட்டார்.

"அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கு?"

"தெரியாது" என்றேன்.

 அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கித் தள்ளுவண்டியில் அடுக்கித் தந்தார். மற்றவர்களோடு கைகுலுக்கினார். என்னிடம், "பாத்துப் போங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அவர் முகம் என் பக்கம் இல்லை.

ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முத்துமாரியின் வீட்டுக்குப் போனேன். அங்கே வேறு குடும்பம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், அவர்கள் ஏதோ செங்கல் சூளைக்குப் போனார்கள், செங்கல்பட்டுப் பக்கமாக இருக்கலாம் என்றார். எந்தச் சூளை என்று அவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்து எதற்கு விசாரிக்கிறீர்கள் என்று கேட்டார். கணக்கெடுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பயண அறிக்கையைக் குழுவாகக் கொடுத்துவிட்டோம். பன்னிரண்டு பக்கம். கிள்ளான் பள்ளியின் நூலகத்தைப் பற்றி அதில் ஒன்றரைப் பக்கம் வருகிறது. சரவணனின் கைபேசி எண் என்னிடம் இருக்கிறது. தர்ஷினி எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்துவிட்டேன். எழுதினால் அவர் திரும்பவும் அந்தப் பிள்ளை எங்கே என்றுதான் கேட்பார். நான் சொல்வதற்கு இன்னும் அந்த ஒரே பதில்தான் இருக்கிறது.